தேறாத பாட்டு

ஆலடிப்பேரியில் பாட்டுகள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போகத் தொடங்கியது கணக்கு வாத்தியார் சங்கரநயினார் ஓய்வு பெற்ற ஏழாவது மாதத்தில். முப்பத்துநாலு வருஷம் விடைத்தாள் திருத்திய மனிதர் அவர். அரை மதிப்பெண்ணுக்காகச் சிவப்புப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பத்து நிமிஷம் யோசிப்பார். யாருக்கும் ஒரு மார்க் தூக்கிப் போட்டதுமில்லை, யாருக்கும் ஒரு மார்க் அமுக்கியதுமில்லை. சொந்தத் தங்கையின் மகன் ஒரு மார்க்கில் தவறிப்போனபோது, "ஒண்ணுதானே அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு" என்று தங்கை வாசற்படியில் நின்று அழுதாள். "அந்த ஒண்ணு இல்லாததுனாலதாம்மா அவன் தவறிட்டான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் அவர்.

அப்படிப்பட்டவருக்குத் திருத்த ஒன்றுமே இல்லாமல் போனது. செய்தித்தாளில் பிழை திருத்தினார், கல்யாணப் பத்திரிகைகளில் ஒற்றுப்பிழைக்கு வட்டம் போட்டார், அதெல்லாம் முடிந்த பிறகும் விரல் ஊறிக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பேச்சிமுத்து சவுண்டு சர்வீஸ் மூடப்பட்டது. நாற்பது வருஷமாக அந்த வட்டாரத்தின் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் சடங்குக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய பேச்சிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட, அவர் மனைவி சுடலைவடிவு ஆம்ப்ளிஃபயர்களையும் குழாய்களையும் வந்தவர்களுக்குத் தள்ளிவிட்டு, யாருக்கும் வேண்டாத முந்நூறு இசைத்தட்டுகளையும் அவற்றைச் சுழற்றும் பெட்டியையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, வாத்தியார் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

வாத்தியார் அதுவரை தட்டுப் போட்டுப் பாட்டுக் கேட்டதில்லை. காதில் விழும், போகும், அவ்வளவுதான். தெருவில் மாடு போவதுபோல. "ஊரே நாப்பது வருஷமா ஆகா ஓகோங்குதே, அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துருவோம்" என்று மனைவி பிரமுவிடம் சொன்னார். முந்நூறு நாள், முந்நூறு தட்டு. தினமும் காலையில் குளித்து விபூதி பூசி உட்கார்ந்து, ஒரு தட்டை இரண்டு பக்கமும் எழுந்திருக்காமல் கேட்க வேண்டும், நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். மெட்டுக்கு முப்பது, குரலுக்கு முப்பது, வார்த்தைக்கு இருபது, வாத்தியங்களுக்கு இருபது. முப்பத்தஞ்சு எடுத்தால் தேர்ச்சி. நோட்டில் சிவப்பு மையால் எழுதிவிட்டு, வாசல் சுவரில் கரும்பலகை அடித்து அதில் மதிப்பெண்ணையும் இரண்டு வரி விமர்சனத்தையும் சாக்பீஸால் எழுதினார்.

முதல் எட்டு நாள் ஊருக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. பத்து மணிக்குக் கரும்பலகை முன்னால் கூட்டம் கூடியது. நாதஸ்வரத் தட்டுக்கு எழுபத்தொன்று, 'கூட்டத்தில் வாசித்திருக்கிறார், இருமல் கேட்கிறது' என்று விமர்சனம். பக்திப் பாட்டுத் தட்டுக்கு நாற்பது, 'கடவுளை இவ்வளவு அதட்டத் தேவையில்லை.' தங்கையாவின் டீக்கடையில் அதைப் பற்றியே பேச்சு, அதைப் பற்றியே சண்டை.

ஒன்பதாவது தட்டு ஊரே உயிரை விட்ட ஒரு படத்தின் தட்டு. வெள்ளிவிழா கண்ட படம். அந்தத் தட்டின் முதல் பாட்டு இல்லாமல் ஆலடிப்பேரியில் ஒரு பெண்ணும் மணவறைக்கு வந்தது கிடையாது. வாத்தியார் அதற்கு இருபத்தொன்பது போட்டார். 'ஒரே மெட்டை ஐந்து முறை எழுதி ஐந்து மதிப்பெண் கேட்பது போலிருக்கிறது.'

மறுநாள் காலையில் தங்கையாவின் ரேடியோவில் அந்தப் பாட்டு வருகிறது என்று அறிவிப்பாளர் சொன்னார், வந்தது வெறும் இரைச்சல். தங்கையா ரேடியோவின் தலையில் நாலு தட்டுத் தட்டினார். மதியம் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அந்தப் பாட்டை எடுக்க வாயைத் திறந்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு மூடினார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது: தேறாத தட்டு ஊர்க்காதிலிருந்து போய்விடுகிறது. ஊர் திகைக்கவில்லை. மழை பொய்ப்பதையும் ரேஷன் கடையில் சீனி தீர்வதையும் கண்ட ஊர் அது. கோபம்தான் வந்தது. "போறது போகட்டும், இருபத்தொன்பதா? அந்தப் பாட்டுக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

அந்த வாரம் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெளியூர்க்காரர்கள். அவர்கள் கொண்டுவந்த ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டைப் போட்டு, அவர்கள் பிள்ளைகள் தோளைக் குலுக்கி ஆடினார்கள். பெண் வீட்டார் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வியர்க்க வியர்க்க ஆடும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் தலையைக் குனிந்து அழுதாள். வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் தட்டுகள் ஒவ்வொன்றாகத் தவறிக்கொண்டே போக, பஞ்சாயத்துத் தலைவர் மாடக்கண்ணு தலைமையில் பத்துப் பேர் வாத்தியார் வீட்டுக்கு வந்தார்கள். அவரிடம் படித்தவர்கள்தான் முக்கால்வாசி. சாக்பீஸ் பிடித்த கையைப் பார்த்ததும் தங்களையறியாமல் கைகட்டி நின்றார்கள்.

"சார்வாள், மறுமதிப்பீடு உண்டா?"

"எழுதிக் குடுங்க, பாக்கேன்."

அச்சகத்தில் விண்ணப்பம் அடித்தார்கள். விண்ணப்பதாரர் பெயர், தட்டு எண், மறுமதிப்பீடு கோரும் காரணம். 'என் மகன் தூங்க மாட்டேன் என்கிறான்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'காரணம் தெரியவில்லை, வேண்டும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நாற்பத்தொரு விண்ணப்பத்தையும் வாத்தியார் நேர்மையாகப் பார்த்தார். முப்பத்தேழில் மாற்றமில்லை, மூன்றில் முன்பு கவனிக்காத பிழைகள் தெரிந்து மார்க் இறங்கியது. ஒன்றே ஒன்றில், ஒரு தாலாட்டுத் தட்டில், கூட்டலில் தவறியிருப்பதைத் தானே கண்டுபிடித்து, வாசலுக்கு வந்து எல்லார் முன்னிலையிலும் முப்பத்துமூன்றை அழித்து முப்பத்தாறு என்று எழுதி, "தப்பு என்னோடது" என்று சொன்னார். ஊர் மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. தாலாட்டு திரும்பி வரவில்லை. போனது போனதுதான் என்று ஊர் தெரிந்துகொண்டது. தாய்மார்கள் வாய்ப்பாடு சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் நல்ல தூக்கம் வருகிறது என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் யாரும் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடவில்லை. தன் பாட்டு தேறியவன் தேறாதவனைப் பார்த்து, "உன் ரசனை அவ்வளவுதாம்லே" என்று சிரித்தான். தேறாதவன், அடுத்தவன் பாட்டும் போகட்டும் என்று காத்திருந்தான். மரியபுஷ்பம் என்று ஒருத்தி. புருஷன் இன்னொருத்தியோடு போன காலையில் முகம் சவரம் பண்ணிக்கொண்டே பாடிய பாட்டு அவள் மண்டைக்குள் ஒன்பது வருஷமாகச் சுற்றியது. அவள் வந்து, "அதைத் தவற வைங்க சார்வாள், புண்ணியமாப் போகும்" என்று கேட்டாள். "சிபாரிசுல பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாதும்மா" என்று வாத்தியார் அனுப்பிவிட்டார். பாட்டு அடுத்த மாதம் தானாகவே முப்பதில் தவறியது; மரியபுஷ்பம் தெருவெங்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள், அன்று சாயங்காலமே நெஞ்சுக்குள் என்னவோ காலியாக இருக்கிறது என்று உட்கார்ந்து அழுதாள்.

இருநூறாம் நாளில் தேறிய தட்டுகள் ஐம்பத்தெட்டுத்தான். கல்யாண மண்டபத்தில் அந்தப் பட்டியலைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மணவறைக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் சாவுக்கும் அதிலிருந்தே எடுத்தார்கள். தவறிய பாட்டுகள் அத்தனையும் ஊரில் ஒருவர் காதில் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. பேருந்தில் போகும்போதும் வெளியூர்க் கடைத்தெருவில் நிற்கும்போதும் வாத்தியாருக்கு அவை துல்லியமாகக் கேட்டன. அது அவருக்கு நியாயமாகவே பட்டது. எழுதியவன் மறந்தாலும் திருத்தியவனுக்கு விடைகள் மறப்பதில்லை.

இருநூற்றுப் பத்தாம் நாள் மதியம் சுடலைவடிவு வந்தாள். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலில் நின்றாள்.

"சார்வாள், நாளைக்கு இருநூத்திப் பதினொண்ணு."

"ஆமா."

"அது இவுக பாட்டு."

பேச்சிமுத்துவின் கதை ஊருக்குத் தெரியும். பக்கவாதம் அவருடைய பேச்சை அடியோடு எடுத்துக்கொண்டது, மனைவியின் பேரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டை விட்டுவைத்திருந்தது. ஓடாத ஒரு படத்தின் பாட்டு, 'ஆத்து வெள்ளம் வத்தும் முன்னே' என்று தொடங்கும். எந்த வீட்டில் குழாய் கட்டினாலும் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் முதலில் போடும் தட்டு அதுதான். நாற்பது வருஷம் போட்டுப் போட்டு, மூளையில் சாவு எட்டாத ஏதோ ஓரிடத்தில் அது பதிந்துகிடந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் அவர் அதையே பாடினார். இழுத்துப் பாடினால் தண்ணீர். விரசலாகப் பாடினால் பசி. மேலே தூக்கிப் பாடினால் கால் வலி. முதல் அடியோடு நிறுத்தினால், பக்கத்தில் வந்து உட்கார் என்று அர்த்தம்.

"பாஸ் போட்டாப் போதும் சார்வாள். முப்பத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு மார்க் வேண்டாம்."

"கேட்டுட்டுத்தாம்மா சொல்ல முடியும்."

"கேக்காமலே விட்டுருங்களேன். ஒரு தட்டைத் தாண்டிப் போனா என்ன குறைஞ்சிரும்?"

"முந்நூறுன்னு எழுதியிருக்கேன்."

சுடலைவடிவு கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்தாள். "நாந்தானே எடுத்துக் குடுத்தேன்" என்றாள், அவரிடம் சொல்லவில்லை. பிரமு கொண்டுவந்த மோரை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிரமு இருநூற்றுப் பத்து நாளாக மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினாள்.

"முப்பத்தஞ்சு போட்டுருங்க."

"அந்தத் தட்டை நீ கேட்டிருக்கியா?"

"தட்டை எதுக்குக் கேக்கணும். அவரு பாடிக் கேட்டிருக்கேன்."

மறுநாள் தெரு நிறையக் கூட்டம். வாத்தியார் இரண்டு பக்கமும் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கு வியர்த்தது. எல்லாம் பிழையாக இருந்தது. பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகப் பயந்து ஒவ்வொரு முறையும் அரைக்கணம் பிந்தினார். வயலின்கள் வேறெங்கோ கேட்டதைப் பார்த்து எழுதின. வார்த்தைகள் இடம் நிரப்ப நின்றன. கணக்குப் போட்டால் முப்பத்தொன்றுக்கு மேல் நகரவில்லை. நோட்டில் கை பழக்கத்தில் முப்பத்தொன்று என்று எழுதியது. பிறகு அவர் எழுந்து, வாசலுக்கு வந்து, முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக நோட்டில் இல்லாத மதிப்பெண்ணைக் கரும்பலகையில் எழுதினார். முப்பத்தஞ்சு. தேறியது.

கூட்டம் கத்தியது. மாடக்கண்ணு கைதட்டினார். யாரோ ஒரு சரம் வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். சுடலைவடிவு ஓடிவந்து வாத்தியார் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் பின்வாங்கி, "எந்திரிம்மா, எந்திரி" என்றார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்ததைப் பிரமு சன்னலிலிருந்து பார்த்தாள்.

வெடிப்புகை அடங்குமுன் சுடலைவடிவின் நாத்தனார் தெருமுனையிலிருந்து தலைமயிர் அவிழ ஓடிவந்தாள்.

எல்லாரும் போனார்கள். வாத்தியாரும் போனார். பேச்சிமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, உதடு அந்த வார்த்தைகளின் வடிவத்தில் அசைந்தது, கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. அவர் முகத்தில் வேதனை கிடையாது. தான் பாடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஏன் எல்லாரும் அப்படிப் பார்க்கிறார்கள் என்று விழித்தார். பிறகு தன் குரலைத் தேடுபவர்போல இடது கையால் காதைத் தடவிப் பார்த்தார்.

"பாடுதாரு" என்றார் வாத்தியார். "நல்ல சத்தமாத்தான் பாடுதாரு."

சுடலைவடிவு மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்போது கோபம்கூட இல்லை, அவசரம்தான் இருந்தது.

"எப்படிப் பாடுதாக? இழுத்தா, விரசலாவா?"

வாத்தியார் காதைக் கொடுத்தார். "இழுத்து" என்றார்.

"அப்பத் தண்ணி" என்று அவள் செம்பை எடுக்க ஓடினாள்.

அதற்குள் யாரோ போய் நோட்டை எடுத்துவந்துவிட்டார்கள். சிவப்பு மையில் முப்பத்தொன்று. பலகையில் முப்பத்தஞ்சு. மாடக்கண்ணு இரண்டு தடவை படித்துவிட்டு நோட்டை மூடினார். பாட்டுகளைக் கொன்றது சாக்பீஸ் இல்லை, நோட்டும் இல்லை, அந்த மனிதர் உட்கார்ந்து கேட்ட விதம்தான் என்று அன்றைக்கு ஊருக்கு விளங்கியது. மிச்சமிருந்த எண்பத்தொன்பது தட்டுகளை அன்றே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள், வாத்தியார் தடுக்கவில்லை. யாரும் அவரை அடிக்கவோ வையவோ இல்லை. அவர் தெருவில் வந்தால் கடைகளில் ரேடியோ அணைந்தது. வயலில் பாடுகிறவர்கள் வரப்பில் அவர் தலையைக் கண்டதும் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டி ஓடினார்கள். கோயிலில் அவர் வந்தால் ஓதுவார் நிறுத்திவிட்டு, திருநீற்றை நீட்டி, அவர் போகும்வரை காத்திருந்தார்.

பேச்சிமுத்து வீட்டில் மட்டும் அவரை வரச்சொன்னார்கள். வேறு வழி இல்லை. தினமும் காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊரில் தனக்கு மட்டும் கேட்கும் அந்தத் தேறாத பாட்டைக் கேட்டு, "பசி", "தண்ணி", "கால்" என்று சொன்னார். சுடலைவடிவு கேட்டுக்கொண்டு செய்தாள். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். சில சமயம் பேச்சிமுத்து முதல் அடியோடு நிறுத்துவார். அதை என்னவென்று சொல்வது என்று வாத்தியாருக்குத் தெரியாது. "உன்னைக் கூப்பிடுதாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் நிற்பார்.

ஒருநாள் அவர் அங்கே கிளம்பப்போகும்போது, பிரமு அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்.

"கல்யாணமாகி மூணாம் நாளு நான் ஒரு பாட்டுப் பாடினேன். ஞாபகம் இருக்கா?"

அவர் துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"உங்க தங்கச்சிதான் பாடச் சொன்னா. எங்கம்மா மருதாணி அரைக்கும்போது பாடுத பாட்டு. நீங்க அரையாண்டுத் தாள் திருத்திக்கிட்டு இருந்திய. சிவப்புப் பேனாவை மூடாம, கையில வச்சுக்கிட்டே கேட்டிய. எவ்வளவு கவனமாக் கேக்காருன்னு எனக்கு அப்ப ஒரே சந்தோசம்." கீரை உருவும் கை நிற்கவில்லை. "மறுநாள் அடுப்படியில நின்னு பாடப் பாத்தேன், வரல. புது வீடு, புது ஆளுக, பயத்துல மறந்துட்டேன்னு நெனச்சேன். எங்கம்மா வந்தப்போ பாடச் சொன்னேன். வாய் அசைஞ்சுது. காதுல கோளாறுன்னு அம்மா டாக்டருட்டக் கூட்டிட்டுப் போனா. அவரு சொட்டு மருந்து குடுத்தாரு. முப்பத்துமூணு வருசமா எனக்குத்தான் தலையில ஏதோ குறைன்னு இருந்தேன். நேத்து எங்க அக்காவுக்குப் போன் போட்டுப் பாடச் சொன்னேன். மூச்சுதான் கேட்டுது."

அடுப்பில் பால் பொங்கி வந்தது. அவள் எட்டி அணைத்தாள்.

"எத்தன மார்க் போட்டிய?"

பொய் சொல்ல அவருக்கு வராது. ஒரு தடவை சொன்னதன் பலனையும் பார்த்தாயிற்று. "இருபத்தெட்டு" என்றார்.

"எதுல போச்சு?"

"ரெண்டாவது அடியில சுருதி இறங்கிச்சு. குரல் நடுங்கிச்சு."

"பத்தொம்பது வயசு எனக்கு" என்றாள் பிரமு.

பிறகு கீரையைத் தள்ளிவைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்லா? பாடுங்க."

சங்கரநயினார் வாழ்க்கையில் பாடியதில்லை. தொண்டையைச் செருமினார். மூடிய கதவைத் தள்ளுவதுபோல முதல் அடியைத் தள்ளினார், கரகரவென்று வந்தது, வார்த்தை ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டாவது அடி வந்ததும் அவருடைய சுருதியும் இறங்கியது, இறங்கிய இடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது, அது பிழையில்லை, பாட்டே அந்த இடத்தில் குனிகிறது, அம்மியில் குனிந்து அரைக்கிற பெண்ணின் மூச்சு அங்கே இறங்கி, வழித்தெடுத்து நிமிரும்போது ஏறுகிறது, அவள் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் அங்கே குனிந்து குனிந்து அந்த இறக்கத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல பாட்டை இருநூற்றுப் பதினோரு தட்டிலும் அவர் கேட்டிருக்கவில்லை. மூன்றாவது அடியில் அவருக்குக் கண் நிறைந்தது, நிறுத்தாமல் பாடினார், கடைசி வரைக்கும் பாடினார்.

பிரமு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கரையில் நின்று என்னவோ சொல்கிற ஆளைப் பார்ப்பதுபோல. உதடு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிரமு, அதுக்கு..." என்று தொடங்கினார்.

"மார்க்கைச் சொல்லாதீய" என்றாள் அவள். கீரைச் சுளகை மடியில் இழுத்துக்கொண்டாள். "மணி பன்னெண்டு ஆகப்போவுது. கிளம்புங்க. அங்க அந்த மனுசன் தண்ணி கேட்டுக்கிட்டு இருப்பாரு."